மாதையன் பெயருக்கு விழுந்த ஓட்டு

கண்ணாயிக்கும் அவள் புருஷன் மாதையனுக்கும் ஏற்காட்டு மலையில் கொட்டச்சேட்டுக்கு அப்பால் ஒரு சிற்றூரில் சின்ன வீடும் கொஞ்சம் சாமைக்காடும் இருந்தன. காட்டு விளைச்சல் போதாததால் இருவரும் பக்கத்து எஸ்டேட்டில் கூலிக்குப் போனார்கள். பிள்ளைகள் இல்லை. மாதையன் அதிகம் பேசமாட்டான். பேசினாலும் ஒரு சொல்லை ஒரு தடவைதான் சொல்வான்.

1977-ல், மலையில் மழை பிடித்துக்கொண்ட ஜூன் மாதத்தில் தேர்தல் வந்தது. வாக்குச்சாவடி வெகுதூரத்தில் இருந்தது. எஸ்டேட் லாரி வரும், எல்லாரும் ஏறிக்கொள்ள வேண்டும் என்று எஸ்டேட் கணக்குப் பார்க்கும் ரைட்டர் சொன்னார்.

"எல்லாரும் போட்டே ஆகோணும். இது சர்க்கார் சட்டம். விரல்ல மை இல்லாம திங்கக்கிழமை எவனும் வேலைக்கு வந்துராதீங்க."

தேர்தலன்று காலையில் மாதையனுக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

"நான் வரல கண்ணாயி."

"சட்டம்னு சொல்றாங்களே. வேலைக்குச் சேர்க்கலைன்னா என்ன பண்றதுங்க? ஒருநடை போயிட்டு வந்து படுத்துக்கலாம்."

அவன் மறுபேச்சு பேசவில்லை. அவள்தான் கையைப் பிடித்துத் தூக்கி நடத்திப் போனாள். லாரியில் ஏறமுடியாமல் அவன் தடுமாறியபோது பின்னாலிருந்து இரண்டு கையாலும் தள்ளி ஏற்றிவிட்டாள்.

ஓட்டுப் போட்டுத் திரும்பும் வழியில், சேறாகிக் கிடந்த மண்பாதையின் வளைவில் லாரி சரிந்து காப்பிச் செடிகளுக்குள் உருண்டது. பலருக்குக் கைகால் முறிந்தது. ஊரில் செல்வாக்குள்ள குழந்தைவேலுக்கு இடதுகால் நசுங்கிப் பின்னால் ஊனமாகவே போயிற்று. கண்ணாயிக்குச் சிராய்ப்புதான். மாதையன் மட்டும் எழுந்திருக்கவில்லை.

பிணத்தைக் குளிப்பாட்டும்போது விரலில் இருந்த மையைக் கண்ணாயி தேய்த்துப் பார்த்தாள். சீயக்காய் போட்டாள், புளி போட்டாள், சாம்பல் போட்டாள். தோல் வழன்றது, மை போகவில்லை. போதும் விடு என்று பெண்கள் அவள் கையைப் பிடித்து இழுத்தார்கள். மையோடுதான் அவனைப் புதைத்தார்கள்.

அடுத்த தேர்தல் வந்தபோது கண்ணாயி அடிவாரத்திலிருந்த அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். எல்லாம் முடிந்த பிறகு திரும்பி வந்தவளிடம் பக்கத்து வீட்டு அத்தாயி சாதாரணமாகச் சொன்னாள்.

"உன் ஊட்டுக்காரரு ஓட்டுக்கூட உளுந்திருச்சாம் புள்ள."

"அவரு எப்பிடி வந்து போடுவாரு?"

"யாரோ போட்டுட்டாங்க போ. பேரு இன்னும் இருக்குதாமே."

அத்தாயி சிரித்துவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போனாள். கண்ணாயிக்கு அது சிரித்துத் தள்ளும் விஷயமாக இல்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். கூப்பிட்டால் அவர் எழுந்து வந்துதானே ஆகவேண்டும்? காய்ச்சல் உடம்போடு மண்ணை விலக்கிக்கொண்டு வந்து, வரிசையில் நின்று, விரலை நீட்டிவிட்டுத் திரும்பிப் போயிருப்பார். அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நனைந்த கம்பளி வாடை அடித்தது. மூலை முடுக்கெல்லாம் தேடினாள். வீட்டில் கம்பளியே கிடையாது. இருந்த ஒன்றை அவனோடு குழியில் போட்டிருந்தார்கள்.

அதன்பின் பனிமூட்டம் இறங்கும் நாட்களில் அவள் கதவைத் திறப்பதில்லை.

அதற்குள் குழந்தைவேல் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். ரோடு இல்லாததால்தான் ஒரு உயிர் போனது, தன் காலும் போனது என்று அவர் நம்பினார். ரோடு கேட்டுப் போன இடத்திலெல்லாம், உங்கள் ஊரில் எத்தனை ஓட்டு விழும் என்றே கேட்டார்கள். 1984-ல் ஊரைக் கூட்டிப் பேசினார். ஒரு ஓட்டும் விடுபடக் கூடாது. விட்ட வீட்டுக்கு நல்லது கெட்டதுக்கு யாரும் போகக் கூடாது. ஊர் ஒப்புக்கொண்டு அதை ஊர்க்கட்டாகவே ஆக்கியது. அதற்குள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே சாவடி வைத்துவிட்டார்கள். அப்படியும் கண்ணாயி அன்று காப்பிக் காட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டாள். இருட்டிய பிறகு வந்தவளிடம் அத்தாயி சொன்னாள், "உன்னுதும் உளுந்திருச்சு, அவருதும் உளுந்திருச்சு. பயப்படாத."

கண்ணாயி தன் விரலைப் பார்த்தாள். மை இல்லை. அப்படியென்றால் தன்னையும் செத்தவர்களோடு சேர்த்துவிட்டார்களோ என்று நினைத்தாள். அந்த நினைப்பு அவளை வருஷக்கணக்கில் விடவில்லை.

1989 ஜனவரித் தேர்தலன்று விடியும்போதே அவள் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். ஓட்டுப் போட அல்ல. அவரை யார் கூட்டிவருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். பனி தரைவரை இறங்கியிருந்தது. சாவடிக்குள் குழந்தைவேல் ஏஜெண்டாக உட்கார்ந்திருந்தார். பெண்கள் வரிசையில் கதவருகே நின்றாள்.

வெயில் இன்னும் ஏறாத நேரத்தில், பனிக்குள்ளிருந்து ஒரு ஆள் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு வந்து ஆண்கள் வரிசையில் நின்றது. குனிந்த தோள். மாதையனேதான் என்று கண்ணாயிக்குப் பட்டது. அந்த ஆள் மேஜை முன்னால் போனதும் உள்ளே இருந்தவர் உரக்கக் கூப்பிட்டார்.

"மாதையன்."

"ஆமாங்க."

கண்ணாயி ஓடிப்போய் அந்தக் கம்பளியைப் பற்றிக்கொண்டாள்.

"ஏனுங்க, வேண்டாங்க. போயிருங்க. நீங்க வரவேண்டாங்க!"

கம்பளி கையோடு வந்தது. உள்ளே இருந்தது அத்தாயியின் மகன் சித்தன்.

"அத்தை, நானுங்க..." என்றான்.

சாவடி அதிகாரி எழுந்து வந்தார். சேலத்துப் பக்கத்திலிருந்து வந்த நடுவயதுக்காரர். "யாரம்மா இது?"

"இவன் சித்தனுங்க. மாதையன் எம்புருசனுங்க. அவரு லாரி உருண்டு செத்துப் போனாருங்க. பேரச் சொல்லிச் சொல்லிக் கூப்பிடறாங்க. அவருக்கு ஒறக்கமே இல்லைங்க."

அதிகாரி குழந்தைவேலைப் பார்த்தார். குழந்தைவேல் தரையைப் பார்த்தார்.

"போலீஸ்ல குடுக்கணும் இவனை" என்றார் அதிகாரி.

"விட்ருங்க சாமி. அவரைக் கூப்பிடாம இருந்தாப் போதுங்க."

அதிகாரி சித்தனை வெளியே போகச் சொன்னார். பிறகு அவளிடம், "சரி, உங்க ஓட்டைப் போடுறீங்களா?" என்று கேட்டார்.

"எனக்கு இஷ்டமில்லைங்க."

பெண்கள் வரிசையில் சலசலப்பு எழுந்தது. ஊர்க்கட்டு எல்லாருக்கும் நினைவு வந்தது.

"இஷ்டமில்லைன்னா போங்கம்மா" என்றார் அதிகாரி. "போட்டே ஆகணும்னு சட்டம் ஒண்ணும் இல்லையே."

கண்ணாயி புரியாமல் அவரையே பார்த்தாள். "சட்டம் இல்லீங்களா?"

"இல்லம்மா. விருப்பப்பட்டவங்க போடலாம்."

"எப்பவுமே இல்லீங்களா? எழுபத்தேழுலயும் இல்லீங்களா?"

"எப்பவும் கிடையாது."

"அப்ப அவரு வராம படுத்திருந்திருக்கலாங்களா?"

அந்த லாரி எங்கே போய்விட்டுத் திரும்பியது என்று அதிகாரிக்குத் தெரியாது. குழந்தைவேல்தான் எழுந்து, ஊனக்காலை இழுத்தபடி வந்து, அவளை வெளியே கூட்டிப்போனார்.

"ரோடு வரட்டும்னுதான் அம்மிணி செஞ்சேன். செத்தவன் ஓட்டும் சேர்ந்தாவது ரோடு வரட்டும்னு. அவன் போனதுக்கு ஒரு அர்த்தம் இருக்கட்டுமேன்னு."

"அவரு வரலைன்னுதானுங்கண்ணா சொன்னாரு. ஒரே தடவ சொன்னாரு. நான்தான் தள்ளி ஏத்துனேன்."

குழந்தைவேல் அவளை வீட்டில் விட்டுவிட்டு மறுபடியும் சாவடிக்குப் போகாமல் தன் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்.

ஊர் அவள் வீட்டுக்கு வருவதை நிறுத்தியது. சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு அவளை யாரும் அழைக்கவில்லை. அது அவளைப் பெரிதாக வருத்தியதாகத் தெரியவில்லை. கம்பளி வாடை மட்டும் முன்னைவிட அடிக்கடி வந்தது. அதுவரை அவள் பாதிப் பழியைச் சட்டத்தின்மேல் போட்டு வைத்திருந்தாள். இப்போது சட்டம் விலகிக்கொண்டது. மாதையனின் முதுகில் இருந்தவை அவளுடைய இரண்டு கைகள்தான்.

இரண்டு வருஷத்தில் அடுத்த சட்டசபைத் தேர்தல் வந்தது. அதற்கு முன்பே குழந்தைவேல் ஊர்க்கூட்டத்தில் அந்த ஊர்க்கட்டை நீக்கச் சொல்லியிருந்தார். ரோடு என்ன ஆகும் என்று இளவட்டங்கள் சத்தம் போட்டார்கள். அவர் பிடிவாதமாக இருந்தார். முதல்நாள் கண்ணாயி வீட்டு வாசலுக்கு வந்து, "நாளைக்கு ஓட்டு. பள்ளிக்கூடம் தொறந்திருக்கும்" என்றார். வா என்று சொல்லவில்லை.

மறுநாள் கூட்டமெல்லாம் ஓய்ந்த பிற்பகலில் அவள் போனாள். பெயரைச் சொன்னாள். அடுத்து வேறு பெயரைக் கூப்பிடுகிறார்களா என்று காதைத் தீட்டிக் கேட்டாள். கூப்பிடவில்லை. சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குப் பின்னால் வெகுநேரம் நின்றாள். எதில் முத்திரை வைத்தாள், வைத்தாளா என்பதை அத்தாயியிடம்கூடச் சொன்னதில்லை.

தார்ரோடு அதற்குச் சில வருஷம் கழித்து வந்தது. யாருடைய ஓட்டுக்கு வந்தது என்று ஊரில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஏற்காட்டுக்குப் பஸ் விட்ட பிறகும் கண்ணாயி சந்தைக்கு நடந்தே போனாள். வளைவில் பஸ் அவளைத் தாண்டும்போது டிரைவர் வேகத்தைக் குறைப்பார். ஏறிக்கொள்ளச் சொல்லி யாரும் அவளை வற்புறுத்தவில்லை.