குண்டு பாயாத மார்பு

வன்னியம்பட்டியில் இறங்கி கண்ணுச்சாமி வீடு எது என்று கேட்டால், "குண்டடி பட்ட ஹவில்தார் வீடா?" என்பார்கள். இருபத்திரண்டு வருடம் பட்டாளத்தில் இருந்தவர்தான். ஆனால் உடம்பில் ஒரு குண்டுகூடப் பட்டதில்லை!

மூன்று வருடத்துக்கு முன் மதுரையில் அவருடைய இடது மார்பை எடுத்தார்கள். மார்பகப் புற்றுநோய். அந்த நோய் வந்த நூறு பேரில் ஒருவர்தான் ஆண் என்று டாக்டர் சொன்னபோது அவர் தலைகுனிந்தார். இதை ஊருக்கு எப்படிச் சொல்வது?

"பழைய குண்டுச் சில்லு ஒண்ணு உள்ள இருந்துச்சு. எடுத்தாச்சு" என்று மனைவி மாரிக்கனி சொல்லிவைத்தாள். ஊர் நம்பியது. குடியரசு தினத்தன்று பள்ளிக்கூடத்தில் பொன்னாடையே போர்த்திவிட்டது! அதன்பின் அய்யனார் கோவில் அருவியில்கூட அவர் பனியனைக் கழற்றவில்லை.

வீட்டுக்கு வெளியே உண்மை தெரிந்தது ராஜபாளையத்தில் மட்டும்தான். அதே நோயைத் தாண்டி வந்த பதினோரு பெண்கள், மாதத்தில் ஒரு ஞாயிறு கேத்ரின் டீச்சர் வீட்டு மாடியில் கூடுவார்கள். முதல் நாள் வாசலிலேயே தயங்கி நின்றவரை அவர்களில் ஒருவரான பரிபூரணம் அக்கா விடவில்லை.

"உள்ள வாங்க அண்ணாச்சி. எங்ககிட்ட இல்லாததையா மறைக்கப் போறிய?"

கண்ணீரோடு சிரித்தார் கண்ணுச்சாமி. கை வீங்கினால் என்ன பயிற்சி, மாத்திரை போட்டால் ஏன் உடம்பு கொதிக்கிறது, எல்லாவற்றையும் அவர்களிடம்தான் கேட்டுக்கொண்டார்.

போன மாசியில் டீச்சர் போன் செய்தார். வத்திராயிருப்பில் இசக்கிமுத்து என்ற தென்னந்தோப்புக்காரருக்கு அதே நோய். திங்கட்கிழமை ஆபரேஷன். ஆஸ்பத்திரிக்கு வரவே மாட்டேன் என்கிறார்.

"நாங்க சொன்னா கேக்க மாட்டேங்காரு. நீங்க போனாத்தான் ஆகும்."

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறிப் போனார் கண்ணுச்சாமி. தோப்பில் பம்புசெட் தொட்டியைச் சுற்றி நாலைந்து பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன், தேங்காய் வெட்ட வந்திருந்த வன்னியம்பட்டி பாண்டிச்செல்வம். "நம்மூரு குண்டடி ஹவில்தாரு!" என்று கூவினான். துண்டைப் போர்த்தி ஒதுங்கி உட்கார்ந்திருந்த இசக்கிமுத்து நிமிர்ந்தார்.

"உங்களுக்கென்ன அண்ணாச்சி! மாருல குண்டை வாங்குனவிய. எனக்கு வந்திருக்கது பொம்பளைச் சீக்கு. வெட்டிக்கிட்டு வந்து இவனுவ முன்னால நிக்கதுக்குச் செத்தே போறேன்."

அந்தப் பொய் ஒன்றுதான் இத்தனை நாள் கண்ணுச்சாமியின் மானத்தைக் காத்து நின்றது. அதைக் காப்பதா, எதிரே இருக்கிற உயிரைக் காப்பதா? சட்டையைக் கழற்றினார். பனியனையும் கழற்றினார்.

"இது குண்டும் இல்ல, சில்லும் இல்ல தம்பி. உனக்கு வந்த அதே சீக்கு. மூணு வருசமாச்சு. நல்லாப் பாத்துக்கோ."

பாண்டிச்செல்வம் தொட்டியை விட்டு இறங்கி வந்தான்.

"அப்ப அந்தப் பொன்னாடை?"

"திருப்பிக் குடுத்திருதேன்லே!"

இசக்கிமுத்து முதலில் சிரித்தார். பிறகு எழுந்து வந்து, அந்தத் தழும்பைத் தொட்டுவிட்டு உடைந்து அழுதார்.

"திங்கக்கிழமை கூட வாரியளா அண்ணாச்சி?"

"வாரேன்."

சொன்னபடியே கூடப் போனார். பொன்னாடையைப் பள்ளியில் கொடுக்கவும் போனார். தலைமையாசிரியை மாரீஸ்வரி வாங்க மறுத்துவிட்டார். இரண்டு மாதம் கழித்து, கேத்ரின் டீச்சர் வீட்டு மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறி வந்த இசக்கிமுத்துவின் தோளில் அதைப் போர்த்தினார் கண்ணுச்சாமி. பதினோரு பெண்களும் கைதட்டினார்கள்.

"ரெண்டு ஆம்பளை ஆயாச்சு" என்றார் பரிபூரணம் அக்கா. "இனிமே காப்பி நீங்கதான் போடணும்."

நெஞ்சை நிமிர்த்தி அடுப்படிக்கு நடந்தார் ஹவில்தார்.