மெல்லக் கொத்தும் முபீத்

முட்டையை உடைத்து ரொட்டிமேல் ஊற்றியதும் முபீத் கொத்துத் தகடுகளைக் கையில் எடுப்பதில்லை. முதலில் சீடி. பாட்டுப் பெட்டிக்குள் 'றஸ்டி நெயில்ஸ்' குழு பாடத் தொடங்கவேண்டும். அந்த மேளத்துக்குத்தான் கொத்து விழும். பள்ளியில் பாங்கு சொன்னால் மட்டும் பெட்டி வாய்மூடும். கல்முனையில் இங்கிலாந்துப் பங்க் றொக் பாட்டுக்கு ரொட்டி கொத்துகிற ஒரே மனிதர் அவர். இங்கிலாந்திலேயே இப்படி ஒருவர் இருப்பாரோ தெரியாது.

முன்பெல்லாம் அந்தப் பாட்டுகள் பேய் வேகம். ஓடர் சொல்லி வாய்மூடுமுன் கொத்து மேசைக்கு வந்துவிடும். அதில் கொஞ்சம் பக்கத்து மேசைக்கும் தெறித்திருக்கும். இப்போது பாடுகிறவர்களுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. போன வருடம் வந்த தொகுப்பில் ஆற அமரப் பாடுகிறார்கள். முபீதும் ஆற அமரக் கொத்துகிறார். பசியோடு வந்தவர்கள் கொட்டாவியோடு இருக்கிறார்கள்.

"காக்கா, இது கொத்தா, தாலாட்டா?" என்று அண்ணன்முறை சொல்லிக் கேட்பார்கள்.

"பொறுங்க தம்பி. ரொட்டிக்குள்ள கறி ஆணம் ஊற வேணாமா?"

இந்தக் கரை முழுவதும் அந்தக் குழுவுக்கு ரசிகர்கள் மூன்றே பேர்: முபீத், போன் கடை றஸாக், பாண்டிருப்பு நேசராசா மாஸ்டர். அந்த மூன்று பேருக்குள்ளும் இரண்டு கட்சி.

"விலை போயிட்டானுகள் மச்சான். ஒரு பாட்டிலயாவது கத்துறானுகளா?" என்பார் மாஸ்டர்.

"அம்பது வயசில கத்தினா அது கோவமில்ல மச்சான், பிரஷர். அரசாங்கத்த ஏசி ஏசித் தொண்ட போயிரிச்சி. இப்பதான் மனிசன் மாதிரிக் கதைக்கிறானுகள். கேளன்," என்பார் முபீத்.

வாய்த்தர்க்கம் முற்றி ஒருநாள் மாஸ்டர் பாதிக் கொத்தோடு எழுந்துவிட்டார். "பழசப் போடுற அண்டைக்கு வாறன்." றஸாக்கும் பின்னாலேயே போனான், தன் கொத்தைப் பார்சல் கட்டிக்கொண்டு.

முபீதுக்கு அது முள்ளாகத் தைத்தது. இரண்டு வருடத்துக்கு முன் சுனாமி வீட்டையும் மனைவி கமீலாவையும் கொண்டுபோன பிறகு, சுருண்டு கிடந்தவரைக் கைபிடித்து இழுத்துவந்து மறுபடி அடுப்புக்கு முன் நிறுத்தியவர் மாஸ்டர்தான். அந்த மனிதர் வராத கடை கடையாகவே இல்லை. ஆனால் பழைய பாட்டுகளின் எடுப்பிலேயே ஓர் இரைச்சல் எழும்பும். அன்று காலை கடலும் அப்படித்தான் எழும்பியது. இதைப் போய் எப்படிச் சொல்வது? புதியதுதான் நல்லது என்று சாதித்துக்கொண்டிருந்தார்.

பெருநாள் கழிந்த ஒரு மாலை, ஆமிக்காரரின் செக்பொயின்ற்றில் இறங்கி ஏறிச் சைக்கிளில் மாஸ்டர் வந்தார். முகம் இன்னும் உர்ரென்றுதான் இருந்தது.

"வா மச்சான்," என்ற முபீத், யாரும் கேட்காமலே பழைய சீடியைப் போட்டார். நட்பைவிடவா காது பெரிது?

இரைச்சல் எழும்பியது. தகடுகள் கையிலேயே நின்றன. ரொட்டி புகைந்தது. முபீதின் நெற்றியெல்லாம் வியர்வை. கண் வாசலைத் தாண்டிக் கடற்பக்கமாகப் போயிருந்தது.

மாஸ்டர் அவரைப் பார்த்தார், அவர் கண் போன பக்கத்தையும் பார்த்தார். எழுந்து போய்ச் சீடியை மாற்றினார். புதிய பாட்டு ஆற அமரத் தொடங்கியது. தகடுகள் மெல்ல விழுந்தன. மாஸ்டர் மேசைக்குத் திரும்பி, இரண்டு விரல்களாலும் காதுகளை இறுக அடைத்துக்கொண்டு, கொத்து வரும்வரை உட்கார்ந்திருந்தார்.