ஏரிக்கரையில் விழுங்கிய கேள்வி

இன்னொருவரிடம் கேட்கப்பட்ட ஒரு கேள்வியை அவரிடம் சேர்க்காமல், நானே பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு கோடையில், ஒரு ஏரிக்கரையில். இதற்குத் தண்டனைச் சட்டத்தில் பிரிவு கிடையாது. எனக்குத் தெரியும் — தேடிப் பார்த்திருக்கிறேன்.

போன வாரம் பத்திரிகையின் இந்தப் பத்தியில், படுக்கையும் அடுப்புமுள்ள மோட்டார் ஹோமில் வடக்கே மீன் பிடிக்கப் போனதை ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு ஐந்து பேர் ரெலிபோன் எடுத்தார்கள். எத்தனை நாள் ஓட்டம்? நுளம்பு கடிக்குமா? கரடி வந்ததா? ஓர் அம்மா, அந்த வாகனத்துக்குள் இடியப்பம் அவிக்கலாமா என்று கேட்டார். (அவிக்கலாம். அவித்தோம்.) நான் ஏன் அதை ஒரு வரியோடு முடித்தேன் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

சரி... நானே சொல்கிறேன்.

நான் ஊரில் முப்பத்தொரு வருடம் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன். சாட்சி தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். நீதவான் ஆங்கிலத்தில் கேட்பதைத் தமிழில் கேட்க வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. சாட்சி தூஷணம் பேசினால் நானும் நீதவானின் முகத்தைப் பார்த்து அதையே பேச வேண்டும். பேசியிருக்கிறேன்.

ரொறன்ரோவுக்கு மகனிடம் வந்த பிறகும் தொழில் என்னை விடவில்லை. எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு எங்கள் சென் ஜேம்ஸ் ரவுண் மாடிகளில் வந்து இறங்கியவர்களுக்கு லோயர், டொக்டர், வெல்ஃபெயர் கந்தோர் — எங்கே போனாலும் நடுவில் ஒரு கதிரை போட்டு நான். சும்மாதான் செய்தேன். சும்மா செய்கிறவனுக்கு வருகிற தலைக்கனமும் எனக்கு வந்தது.

சவிரிமுத்து அப்படித்தான் பழக்கம். மன்னாரில் சொந்தப் படகு வைத்திருந்தவர்; படகு எரிந்த பிறகு கொஞ்சக் காலம் மீன் லொறி ஓட்டியவர். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் இந்தியாவில் ஒரு முகாமில். இவர் இங்கே ஓர் உணவகத்தின் நிலவறையில் கோப்பை கழுவினார். சவர்க்காரத் தண்ணீரில் விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்திருந்தது. ஆங்கிலத்தில் அவருக்கு 'தாங்க்யூ' தெரியும், 'சொறி' தெரியும். "இது ரெண்டையும் வச்சுக்கொண்டே கனடாவிலை பத்து வருசம் சமாளிக்கலாம் ஐயா" என்பார்.

மகன் ரவி இரண்டு கிழமைக்கு அந்த மோட்டார் ஹோமை வாடகைக்கு எடுத்தான். மருமகளுக்கு லீவு கிடைக்கவில்லை. ரவிக்கு மீன் பிடிக்கத் தெரியாது; அவ்வளவு நீள வாகனத்தைத் தனியே ஓட்டவும் பயம். சவிரிமுத்துவுக்கு இரண்டும் தெரியும். இங்கத்தைய லைசென்சும் எடுத்திருந்தார். எனக்கு மீனும் தெரியாது, ஸ்ரியறிங்கும் தெரியாது. கிழவனை வீட்டில் தனியே விட முடியாது என்பதால் நானும் போனேன்.

சட்பரி தாண்டியதும் மரம். மரத்துக்குப் பிறகு மரம். இரண்டாம் நாள் முழுக்க வழியில் ஒரு பெரிய ஏரியின் கரையோரம் ஓடினோம். பிறகு வடக்கே திரும்பி, தார் முடிந்து கல்ரோட்டு. இரவுச் சாப்பாடு முடித்துக் கோப்பை கழுவும்போதும் சூரியன் மறையவில்லை. மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளியென்றால் எனக்கு மீன் ஆகாது. கத்தோலிக்க வேதக்காரரான சவிரிமுத்துவுக்கு வெள்ளியென்றால் இறைச்சி ஆகாது, மீன்தான் ஆகும். ஒரேயொரு சட்டி. ரவி அழாத குறை. கடைசியில் மூவரும் பாணும் சம்பலும் தின்றோம்.

அன்று பின்னேரம் நாங்கள் தேடிவந்த ஏரிக்குப் போய்ச் சேர்ந்தோம். மறுகரை தெரியவில்லை. சவிரிமுத்து இறங்கி நேரே தண்ணீருக்குப் போய், ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்தார். "உப்பில்லை" என்றார். யாரோ தன்னை ஏமாற்றிவிட்டதுபோல ஒரு குரல். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கரையை விட்டு நகரவே இல்லை.

இடத்தின் சொந்தக்காரர் பெயர் வோல்டர். பெரிய உடம்பு, மெதுவான பேச்சு. சில மரக் குடில்கள், சில படகுகள், எங்களைப் போன்றவர்கள் வாகனம் நிறுத்த ஒரு திடல். அதோடு ஏரியில் வலை போட்டு வெள்ளை மீன் பிடித்து விற்கவும் அவருக்கு உரிமம் இருந்தது. எங்களுக்குத் தூண்டில் மட்டும்தான். ஆளுக்கு இத்தனை மீன். அளவுக்குச் சிறியதைத் திரும்ப ஏரியில் விட வேண்டும். ரவி அதை விளங்கப்படுத்தியபோது சவிரிமுத்து என்னைப் பார்த்தார். "பிடிச்சதைத் திரும்ப விடுறதுக்கோ ஐயா இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?"

ஆனாலும் விட்டார். தண்ணீருக்குள் கையை இறக்கி, மீனைக் கொஞ்சம் பிடித்து வைத்திருந்து, அது தானாக உதறிப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்து விட்டார். வோல்டரும் அதைப் பார்த்தார்.

ஏரிக்கு வந்த ஆறாம் நாள் ரவியின் வலது பெருவிரலில் மூன்று முனைத் தூண்டில் ஏறியது. வோல்டர்தான் தன் வாகனத்தில் கூட்டிப்போய்த் தையல் போடுவித்துக் கொண்டுவந்தார். ரவி குளிசை போட்டுவிட்டு வாகனத்துக்குள் படுத்துவிட்டான். இனி அந்தக் கையால் ஸ்ரியறிங் பிடிக்க முடியாது என்பது எனக்குத் தெரியும்.

இதற்கிடையில் சவிரிமுத்து என்ன செய்தார்? இறங்குதுறையில் இரண்டு கிழிந்த வலைகள் நாட்கணக்காகக் கிடந்தன. ஒருவரும் கேளாமலே ஒரு தடியைச் சீவி வலை ஊசி செய்து, கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு பொத்தத் தொடங்கிவிட்டார். வோல்டர் வந்து நின்றார். கால் மணி நேரம் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"இவரிடம் கேட்டுச் சொல்லுங்கள். என் வலைக்காரன் சுரங்க வேலைக்குப் போய்விட்டான். இவர் விரும்பினால் இங்கேயே நிற்கலாம். உறையும்வரை படகில், உறைந்த பிறகு பனிக்கட்டிக்குக் கீழே வலை போட நான் பழக்குகிறேன். ஒரு குடில் தருவேன். கடிதம் ஏதும் தேவையென்றால் எழுதித் தருவேன்."

சவிரிமுத்து ஊசியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"என்னவாம் ஐயா?"

நீதிமன்றத்தில் எங்களுக்கு இந்த 'ஆம்' கிடையாது. சாட்சி 'நான் பார்த்தேன்' என்றால் நாங்களும் 'நான் பார்த்தேன்' என்றே சொல்ல வேண்டும். 'பார்த்தாராம்' என்று சொன்னால் நீதவான் நிமிர்ந்து பார்ப்பார். வீட்டுப் பேச்சில் அப்படியா? சொல்லின் கடைசியில் ஓர் 'ஆம்' ஒட்டிவிட்டால் போதும் — சொன்னது நானில்லை, அவர்.

"வலை நல்லாப் பொத்துறீராம்" என்றேன்.

வோல்டரிடம் திரும்பி, மிகவும் நன்றி, ஆனால் இவருடைய குடும்பம் ரொறன்ரோவில் இருக்கிறது, வர முடியாது என்று நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். வோல்டர் தலையசைத்தார். குனிந்து சவிரிமுத்துவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். சவிரிமுத்துவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"தாங்க்யூ" என்றார். "தாங்க்யூ."

ஏன் அப்படிச் செய்தேன்? சவிரிமுத்து நின்றுவிட்டால் அந்த வாகனத்தை யார் ரொறன்ரோவுக்கு ஓட்டுவது? அந்த வருடம் முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம் அதுதான். பொய்யில்லை. ஆனால் முழுவதும் அதுவுமில்லை. ரவியின் விரல் ஆறும்வரை ஒரு கிழமை காத்திருந்திருக்கலாமே? ஆறு நாளாக அந்த மனிதர் சவிரிமுத்துவை மட்டுமே பார்த்தார். என் ஆங்கிலம், என் முப்பத்தொரு வருடம் — ஒன்றையும் ஒருவரும் கேட்கவில்லை. கோப்பை கழுவுகிற மீன்காரனுக்கு ஒரு குடிலும் ஓர் ஏரியும். எனக்கு அவருக்காக வாய் அசைக்கும் வேலை. அது பிடிக்கவில்லை. இவ்வளவுதான்.

திரும்பும் வழியில் மூன்று நாளும் சவிரிமுத்துதான் ஓட்டினார். பின்னால் ரவி தூங்க, நான் பக்கத்து இருக்கையில். சட்பரிக்குக் கிட்ட வரும்போது சொன்னார்:

"அந்த மனுசனிட்டை வலைக்கு ஆளில்லைப் போலை. என்னை வைச்சிருப்பியோ எண்டு ஒருக்காக் கேட்டுப் பாத்திருக்கலாம் ஐயா. கேக்க வெக்கமாக் கிடந்தது."

நான் கண்ணாடிக்கு வெளியே மரங்களைப் பார்த்தேன். அவர் மறுபடி நிலவறைக்குப் போனார்.

அடுத்த மாசியில் அவருடைய அகதி வழக்குக்குச் சத்தியக்கடதாசி எழுத லோயர் கந்தோருக்குப் போனோம். நான் மொழிபெயர்த்தேன். முதல் வரி: 'எனது தொழில் மீன்பிடி.' இங்கே இப்போது என்ன வேலை என்று லோயர் கேட்டார். "கோப்பை கழுவுறன்" என்றார் சவிரிமுத்து. அதையும் சொன்னேன். கடைசியில் நான் கையெழுத்து வைக்க ஓர் இடம் — உண்மையாகவும் முழுமையாகவும் மொழிபெயர்த்தேன் என்று. பேனா காகிதத்தில் இறங்கவில்லை. எழுத்துத் தெரியவில்லையா என்று லோயர் கேட்டார். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது.

கையெழுத்து வைத்தேன். அந்தக் கடதாசியில் பொய்யில்லை. வெளியே வந்து, ஸ்ரீற்கார் நிறுத்தத்தில், பனிக்குள் நின்று சவிரிமுத்துவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை.

"அந்த மனுசன் சொன்னதை ஒருக்கா இங்கிலீசிலை சொல்லுங்கோ."

சொன்னேன். ஒரு சொல் விடாமல் நினைவிருந்தது. ஒன்றும் விளங்காமல், என் வாயையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"இப்பத் தமிழிலை."

தமிழில் சொன்னேன்.

"அவ்வளவுந்தானோ? வேறையொண்டும் விடேல்லையோ?"

"இல்லை."

ஸ்ரீற்கார் வந்தது. இருவரும் போக வேண்டியது ஒரே கட்டடத்துக்குத்தான். அவர் ஏறினார். நான் அடுத்ததில் போனேன்.

அன்றே வோல்டருக்குக் கடிதம் எழுதினேன். என் குற்றத்தை என் பெயரில், என் கையெழுத்தில். மூன்று கிழமைக்குப் பிறகு நான்கு வரிப் பதில் வந்தது. இப்போது வேறொருவன் இருக்கிறான். அவன் போனால் சவிரிமுத்துவுக்கு நேரே எழுதுவேன். உங்களுக்கு எழுத மாட்டேன். நியாயம்தானே? ரவியிடமும் சொன்னேன். என்னுடைய விரலுக்காகவோ அப்பா, என்று கேட்டான். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

சவிரிமுத்து அதற்குப் பிறகு என்னை மொழிபெயர்க்கக் கூப்பிடவில்லை. பதினோராம் மாடியில் இருந்த, ஆங்கிலம் தெரிந்த ஒரு பெண்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனார். பக்கத்துத் தேவாலய மண்டபத்தில் பின்னேரங்களில் ஆங்கில வகுப்பு. ஒரு நாளும் தவறாமல் போனார் என்று கேள்வி. லிஃப்டில் கண்டால் தலையசைப்பார். ஐயா என்ற சொல் நின்றுபோனது. ஒரு வருடத்துக்கு மேல் இப்படி.

இந்த வருடம் பனி கரைகிற நேரம், கையில் ஒரு கடிதத்தோடு வந்து எங்கள் கதவைத் தட்டினார். நான்தான் திறந்தேன். பழக்கதோஷம் — வாசித்துச் சொல்ல என் கை நீண்டுவிட்டது. அவர் கடிதத்தைத் தரவில்லை. வாசலிலேயே நின்று, விரல் வைத்து, சொல் சொல்லாக, முழுவதையும் ஆங்கிலத்தில் எனக்கு வாசித்துக் காட்டினார். வோல்டரின் வலைக்காரன் போய்விட்டான். நீங்கள் வருவீர்களா?

ரவி அவரை பஸ் நிலையத்துக்குக் கூட்டிப் போனான். நானும் வரட்டுமா என்று கேட்டேன். பெட்டியைப் பூட்டிவிட்டு, "வாங்கோ" என்றார். அவருடைய பெட்டியை நான் தூக்கினேன். அவர் தடுக்கவில்லை.

அவர் வடக்கே போன பிறகு அவருடைய வழக்குக் கடிதங்கள் எங்கள் முகவரிக்குத்தான் வருகின்றன. மனைவி பிள்ளைகளைக் கூப்பிட அது முடிய வேண்டும். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ரவிக்கு ரெலிபோன் எடுப்பார். ரவியோடு தமிழ். நான் எடுத்துவிட்டால் மட்டும் ஆங்கிலம் — "திஸ் வீக் பிஷ் இஸ் கமிங் குட், மிஸ்டர் நடராசா. லெற்றர் இஸ் கமிங் ஓர் நொட் கமிங்?"

நிறையப் பிழை விடுகிறார். நான் திருத்துவதில்லை.