சிவப்பு டேக் கட்டிய இசக்கிமுத்து

ஆபரேஷன் முடிந்தவர்கள் வார்டில் நர்ஸ் வேலை என்பது பாதி நேரம் மருந்து கொடுப்பது, மீதி நேரம் அன்பினால் மருந்து கொடுக்க வருகிறவர்களைத் துரத்துவது. நீங்களும் என்றைக்காவது தையலோடு படுத்திருந்தால், அல்லது படுத்தவர் பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், நான் படும் பாடு உங்களுக்குப் புரியும். எங்கள் ஆஸ்பத்திரி ஒரகடம் ரோட்டில் இருக்கிறது. வருகிறவர்களில் பெரும்பாலும் கம்பெனிப் பையன்கள். ஒவ்வொருவனும் என் உயிரைக் கொஞ்சம் வாங்கிக்கொண்டுதான் டிஸ்சார்ஜ் ஆவான். இசக்கிமுத்து முழுசாக வாங்கினான்.

வெள்ளைக் கோட்டு

இசக்கிமுத்து தென்காசிப் பக்கத்துக்காரன். வல்லம் வடகாலில் ஒரு பிரேக் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. ஹெர்னியா ஆபரேஷனுக்கு வந்திருந்தான். டாக்டர், "ஆஸ்துமா, இழுப்பு ஏதாவது உண்டா?" என்று கேட்டதும் கட்டிலை விட்டு இறங்கி, நெஞ்சை நிமிர்த்தி, "ஒண்ணுமே இல்ல சார், ஃபுல் ஃபிட்" என்றான். இந்தப் பையன்களுக்கு வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே வேலைக்குச் சேரும்போது நடந்த மெடிக்கல் டெஸ்ட்தான் ஞாபகம் வரும். காது மந்தமானவன்கூட, 'நல்லாக் கேக்குது சார்' என்பான்.

அந்த நேரம் பார்த்து எங்கள் ஆயா எஸ்தரக்கா அவன் தலையணையை எடுத்து உதறினார். நீல நிற இன்ஹேலர் ஒன்று துள்ளிப் போய் டாக்டரின் ஷூ மேல் விழுந்தது. ரூம் நண்பனுடையது என்று சாதித்தான். விசாரிக்க விசாரிக்க உண்மை வந்தது. சின்ன வயதிலிருந்தே இழுப்பு. கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயம். ஒரு முறை பல்வலிக்குக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டு, ரூமுக்குப் போய்ச் சேர்வதற்குள் மூச்சே நின்றுவிடும் போல ஆகியிருக்கிறது. ஆஸ்துமாக்காரர்களில் சிலருக்கு அந்த வகை மாத்திரை ஆகாது. டாக்டர் அதையெல்லாம் தடை செய்து, வேறு மருந்து எழுதினார். ஆபரேஷனுக்கு அப்புறம் அதே வகை ஊசியை நான்தானே போட்டிருப்பேன்! வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி திட்டினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "நீங்க கம்பெனி ஆளு இல்லன்னு மொதல்லயே சொல்லிருக்கலாம்லா, சிஸ்டர்."

ஜீரோ

ஆபரேஷன் முடிந்ததும் வலி எவ்வளவு என்று கேட்போம். வலியே இல்லை என்றால் ஜீரோ, தாங்கவே முடியாது என்றால் பத்து. இசக்கிமுத்துவுக்கு நெற்றியெல்லாம் வியர்வை, இரண்டு கையும் கட்டில் கம்பியைப் பிடித்திருந்தன. எத்தனை என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு, "ஜீரோ" என்றான்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. வலியை மறைத்தால் இருமப் பயப்படுவான். இருமாவிட்டால் சளி கட்டும். சளி கட்டினால் இழுப்பு வரும். இதை எத்தனை விதமாகச் சொல்ல முடியுமோ அத்தனை விதமாகவும் சொன்னேன். அப்புறம்தான் எட்டு என்று ஒப்புக்கொண்டான், அதுவும் யாருக்கும் கேட்காமல். எழுதியிருந்த மருந்தைக் கொடுத்தேன். முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்றதற்குப் பதில்: "எங்க லைன்ல பழுது ஜீரோன்னாத்தான் கை தட்டுவாங்க, சிஸ்டர்."

தலையணைப் பயிற்சி

வலி கொஞ்சம் அடங்கியதும், தையல் மேல் தலையணையை அழுத்திப் பிடித்துக்கொண்டு இருமச் சொல்லிக் கொடுத்தேன். வெட்கப்பட்டான். எதிர்க்கட்டில் அப்பெண்டிக்ஸ்காரர் துணைக்குத் தானும் ஒரு தலையணையை எடுத்துக்கொண்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் ஆரம்பித்தார்கள். காலில் கட்டுப் போட்டவருக்கு இது எதற்கு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பெருக்க வந்த எஸ்தரக்கா வாசலிலேயே நின்றுவிட்டார்: "இன்னா சிஸ்டர், எல்லாரும் ஒண்ணா இருமிகினு கீறாங்க, இதுக்கும் ஓவர்டைம் காசு உண்டா?"

ஷிஃப்டுக்கு ஒரு நண்பன்

ரூம் நண்பர்கள் அவரவர் ஷிஃப்ட் முடிந்ததும் துணைக்கு வந்தார்கள். முதலில் வந்த மாடசாமி, ஐ.டி. கார்டு உறைக்குள்ளிருந்து ஒரு மாத்திரைப் பட்டையை உருவினான். அதேதான், எது ஆகாதோ அதே வகை! அவர்கள் ரூமில் தலைவலி, முதுகுவலி, காதல் தோல்வி எல்லாவற்றுக்கும் இதுதானாம். பிடுங்கிக்கொண்டு, இது உன் நண்பனுக்கு விஷம் என்று விளக்கினேன். பூம் பூம் மாடு மாதிரி தலையாட்டினான். அவன் போய் அடுத்தவன் வந்தான். அவன் பையிலும் அதே பட்டை.

மாடசாமி மறுபடி வந்தபோது பிடித்துக்கொண்டேன். உங்கள் கம்பெனியில் ஷிஃப்ட் மாறும்போது அடுத்தவனிடம் எதையும் சொல்ல மாட்டீர்களா என்று கேட்டேன். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "மெஷினுன்னா சொல்லிட்டுத்தான் போவோம் சிஸ்டர். இவன் மனுசன்லா!"

டேக்

மறுநாள் இசக்கிமுத்துவின் மணிக்கட்டில் ஒரு சிவப்பு அட்டை தொங்கியது. அவர்கள் லைனில் பழுதான பொருளுக்குக் கட்டும் டேக்காம். கட்டியவன் அவிழ்க்கும் வரை மேனேஜரே வந்தாலும் தொடக் கூடாதாம். மாடசாமி அதில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தான்: 'வலி மாத்திரை கொடுக்காதே. சிஸ்டரைக் கேள்.' நான் தொண்டை கிழியக் கத்தியும் கேட்காதவர்கள், அந்த அட்டையைப் பார்த்ததும் இரண்டடி தள்ளி நின்றார்கள்.

சாயங்காலம் அவர்கள் சூப்பர்வைசர் தனசேகர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார். மறைமலை நகர்க்காரர். பாசத்தோடு சட்டைப் பையிலிருந்து ஒரு பட்டையை எடுத்து, மாத்திரையைப் பிதுக்கியும்விட்டார். நான் ஓடி வருவதற்குள் டேக் கண்ணில் பட்டு, கை அப்படியே நின்றது. "ஏன் போடக் கூடாது?" என்றார். இசக்கிமுத்துவுக்கு முகம் வெளுத்து, பயத்தில் இருமல் வந்து, இழுப்பும் வந்துவிட்டது. கை தலையணைக்கு அடியில் போனது. இன்ஹேலரைப் பிடித்துவிட்டான், ஆனால் வெளியே எடுக்கவில்லை. சூப்பர்வைசர் பார்க்கிறாரே! "எடுடா!" என்று கத்தினேன். மூச்சு போனாலும் வேலை போகக் கூடாது என்று இருந்தான் அந்தப் பையன்.

தனசேகர் அவனையும் தலையணையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, பேன்ட் பையில் கையை விட்டு, அதே மாதிரி நீல நிற இன்ஹேலர் ஒன்றை எடுத்துக் காட்டினார். "எனுக்கும் கீதுப்பா, நீ மொதல்ல இழு. கம்பெனில மட்டும் எவன்கிட்டயும் சொல்லிகினு இருக்காத."

அன்றிலிருந்து ஆஸ்துமா உண்டா என்று யாரைக் கேட்பதானாலும், நான் கம்பெனி ஆள் இல்லை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்ட பிறகுதான் பாதிப் பேர் நிம்மதியாக மூச்சே விடுகிறார்கள்.