வெட்டி எடுத்த பெயர்

ஒஸ்லோவில் பதினொன்றரைக்கே மதியச் சாப்பாடு. பாண் துண்டுகளுக்கு நடுவே தாள் வைத்து மடித்த பொதியை விரித்து, காலநிலை பற்றி இரண்டு வார்த்தை பேசி, இருபது நிமிடத்தில் எழும்பிவிடுவார்கள். யாரும் யாருக்கும் ஒரு துண்டு நீட்டுவதில்லை. எங்கள் அலுவலகத்தில் மோரா மட்டும் ஒரு சட்டி நிறைய சூப்போடு வந்து எல்லோருக்கும் ஊற்றுவார். அவரும் என்னைப்போல வந்து குடியேறியவர்தான். அயர்லாந்துக்காரி.

மோரா தயாரிப்பாளர். இருபது வயதில் அயர்லாந்தின் மேற்குக் கரையில் வயலின் வாசிப்பவர்களைத் தேடிப்போய் ஒலிப்பதிவு செய்து இசைத்தட்டுகள் வெளியிட்டவர். பிறகு டப்ளினில் நாடகங்கள், அதன்பிறகு சினிமா. நொர்வேஜியர் ஒருவரை மணந்து இங்கே வந்த பின்னும் தன் ஊர்க் கதைகளையே படமாக்கினார். மன்னாரில் அண்ணனின் ஒலிபெருக்கிக் கடையில் வயர் சுற்றிக்கொண்டிருந்த நான், ஒன்பது வருடமாக அவருடைய படங்களுக்கு ஒலி தொகுக்கிறேன்.

கடைசிப் படத்தில், கடலில் இறந்த மீனவனின் மனைவி ஒப்பாரி வைக்க வேண்டும். நடிகைக்கு அது வரவில்லை. “எங்கள் பக்கத்தில் அப்படி அழத் தெரிந்த பெண்கள் இப்போது இல்லை” என்றார் மோரா. நான் என் கைபேசியை எடுத்தேன். ஒஸ்லோவின் ட்வெய்ட்டாப் பகுதியில் இருக்கும் எங்கள் ஊர் றெஜினா அக்காவின் கணவர் இறந்தபோது, வர முடியாத அவருடைய சகோதரர்களுக்கு அனுப்புவதற்காக அக்காவின் ஒப்பாரியை நான் பிடித்த பதிவு அதில் இருந்தது. மோரா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “சொற்கள் தெளிவாகக் கேட்காதபடி காற்றொலியோடு கலந்துவிடலாம். ஆனால் முதலில் அவரிடம் கேள். சம்மதித்தால் மட்டும்” என்றார்.

போனேன். அக்கா தேத்தண்ணி தந்தார். மகளின் பள்ளிக்கூடச் சோதனை பற்றிச் சொன்னார். உங்கள் அழுகையைப் படத்துக்குத் தாருங்கள் என்று எப்படித் தொடங்குவது? கேட்காமலே திரும்பிவிட்டேன். திங்கட்கிழமை, அக்கா சம்மதித்தாரா என்று கேட்ட மோராவிடம் “யா”, ஆம், என்றேன். சம்மதத் தாளில் அக்காவின் பெயரை நானே எழுதினேன். ஒப்பாரியில் மூன்று இடத்தில் அவருடைய கணவரின் பெயர் தெளிவாகக் கேட்டது. கதைக்குப் பொருந்தாது என்று வெட்டி எடுத்தேன்.

படம் ஸ்ட்ரோம்மன் திரையரங்குக்கு வந்தது. நான் வேலை செய்த படம் என்று அக்கா மகளோடு போயிருக்கிறார். மறுநாள் கூப்பிட்டனுப்பினார்.

“அது என்ரை குரல்தானே, தம்பி?”

“ஓம் அக்கா.”

“அவரின்ரை பேர் எங்கை?”

“வெட்டிப்போட்டன்.”

“இருபத்தாறு வருசம் ‘இஞ்சாருங்கோ’ எண்டுதான் கூப்பிட்டனான். பேர் சொல்லிக் கூப்பிட்டது அண்டைக்கு மட்டுந்தான். அதையே வெட்டினனி?”

மோராவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. “என் முதல் இசைத்தட்டில் ஒருவரின் பாட்டைக் கேளாமல் போட்டேன். அதன்பின் அவர் என் முன்னால் பாடவே இல்லை” என்றார். படத்தைத் திரும்பப் பெற்றார். அந்தக் குரலை நீக்கவைத்தார். என்னோடு ட்வெய்ட்டாவுக்கும் வந்தார். அக்காவின் முன்னால் குனிந்து “உன்ஷில்” என்றார். மன்னியுங்கள் என்று பொருள். ஆனால் அக்காவுக்கு அது பேருந்தில் இறங்க விலகச் சொல்கிறவர்களின் சொல். காலை உள்ளே இழுத்து மோராவுக்கு வழி விட்டார். நான் மொழிபெயர்த்தேன். அக்கா தலையாட்டினார். என்னைப் பார்க்கவில்லை.

சென்ற மாதம் ரொம்மனில் எங்கள் ஆட்களின் ஒரு செத்தவீடு. நான் உள்ளே போனதும் பெண்களின் குரல் ஒவ்வொன்றாக அடங்கியது. ஒருத்தி என் கையில் கைபேசி இருக்கிறதா என்று பார்த்தாள். நொர்வேஜியர்களின் சாவீட்டில் இருப்பதுபோல அத்தனை அமைதி. செத்தவருக்கு அழ வேண்டுமே என்று நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். பனிக்குள் நின்றேன். எனக்குப் பின்னால் ஒப்பாரி மீண்டும் தொடங்கியது.