அந்தப் பேருந்தைக் கவிழ்த்தவள் நான்

நல்ல கதையொன்றைக் கொன்றவள் நான். கொன்றுவிட்டு, அதற்குப் பாராட்டும் வாங்கிக்கொண்டவள்.

நீங்கள் அந்தக் கார்ட்டூன் தொடரைப் பார்த்திருக்கலாம். பேருந்து கவிழ்கிறது, பதினைந்து வயதுப் பெண் இறந்துபோகிறாள், மந்திர உலகமொன்றில் கையில் வாளோடு கண்விழிக்கிறாள். முகத்தில் பாதி கண், குட்டைப் பாவாடை... சீ! உங்கள் பிள்ளைகள் அதை விரும்பிப் பார்க்கிறார்களென்றால் அவர்கள் மேல் பிழையில்லை. எனக்குத்தான் குமட்டுகிறது.

முதலில் அந்தக் கதையில் வாளே இல்லை!

டென்மார்க்கின் ஓகூஸ் நகரில் நான் வேலை செய்யும் நிறுவனம், அனிமே எனப்படும் ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்களை வாங்கி இங்கே காட்டுகிறது. சிலவற்றுக்கு, வரையத் தொடங்கும் முன்பே முதல் போடுகிறது. ஒரு தொடருக்குப் பல நிறுவனங்கள் சேர்ந்தே முதல் போடும். ஒருவர் முகம் சுளித்தாலும் மற்றவர்கள் மெல்லக் கழன்றுவிடுவார்கள்.

ஹனதா என்ற பெண் இயக்குநர் கணினித் திரையில் தோன்றித் தன் கதையைச் சொன்னார். மலையூரொன்றில் பேருந்து ஓட்டும் நடுவயதுப் பெண். காது மெல்ல மெல்லக் கேளாமல் போகிறது. வேலை போய்விடுமென்று ஒருவருக்கும் சொல்லாமல் மறைக்கிறாள். அவர் முன்பே வரைந்து அனுப்பியிருந்த சிறு காட்சித் துண்டில், அவள் பேருந்தின் இயந்திரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து, அதன் சத்தத்தைக் கையால் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அழுதேன்... கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் அவர் கதை சொன்ன கூட்டத்துக்கே போனேன்.

டென்மார்க்கில் கூட்டமென்றால் மேசையைச் சுற்றி ஒவ்வொருவராகக் கருத்துச் சொல்லவேண்டும். மேலதிகாரியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வழியில்லை. என் முறை வந்தது. “எனக்குப் பிடித்திருக்கிறது” என்று சொல்ல எனக்கு என்ன கேடு? சந்தை தெரியாதவளென்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம்! அந்த அற்பப் பயம்தான்.

“அவளைப் பதினைந்து வயதாக்குங்கள். முதல் காட்சியிலேயே பேருந்து கவிழட்டும். வேறோர் உலகத்தில் எழும்பட்டும்” என்றேன்.

தலைகள் ஆடின. மேலதிகாரி சிரித்தார். திரையிலிருந்த ஜப்பானியப் பங்குதாரர்கள் குறிப்பெடுத்தார்கள். ஹனதா தலைகுனிந்து நன்றி சொன்னார். எனக்கு நன்றி!

தொடர் பிய்த்துக்கொண்டு ஓடியது. பிரெடெரிசியா நகரில் ஒரு கலியாண மண்டபத்தில் என் கணவர் மேசை மேசையாகப் போய், “உது என்ர மனுசி சொன்ன கதை” என்று பீற்றிக்கொண்டார். திரும்பும் வழியில் காருக்குள் அவர்மேல் எரிந்து விழுந்தேன்.

“இனிமேல் உதை ஒருத்தரிட்டையும் கதைக்காதேங்கோ. நான் அந்த மனுசியின்ர கதையை நாசமாக்கிப் போட்டனப்பா.”

“விசர்க்கதை கதைக்காதையும். நீர் சொல்லாட்டி வேற ஆரும் சொல்லியிருப்பினம்.”

ஓம்... சொல்லியிருப்பார்கள். எல்லோரும் இதையே சொல்லித்தான் ஒரே முகத்துக்குத் தலைமயிரின் நிறத்தை மட்டும் மாற்றி, ஆண்டு முழுக்க விற்கிறோம். தின்றதையே கக்கி, கக்கியதையே அலங்காரத் தட்டில் வைத்துப் பரிமாறுகிறோம். தூ! ஆனால் அன்று அந்த மேசையில் வாய் திறந்தது வேறு யாருமல்ல. நான்தானே?

போன வாரம் ஹனதா மறுபடி திரையில் வந்தார். மற்றவர்கள் இணைய இன்னும் சில நிமிடம் இருந்தது. நாங்கள் இருவர் மட்டும். மன்னிப்புக் கேட்டுவிடுவோம் என்று வாயெடுத்தேன்.

“இந்த முறை என்ன கதை வைத்திருக்கிறீர்கள்?” என்றுதான் கேட்டேன்.

“நான் கதை ஒன்றும் கொண்டுவரவில்லை. உங்களுக்கு எது வேண்டுமென்று சொல்லுங்கள், அதையே செய்து தருகிறேன்” என்றார்.

அதில் கோபமில்லை, குத்தலுமில்லை. கோபப்பட்டிருந்தாலாவது நான் பிழைத்திருப்பேன்! எழுதிக்கொள்ளப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, பணிவோடு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சொல்லத் தொடங்கினேன்... அவர் எழுதிக்கொண்டார்.