பவுனம்மாள் மூன்று வருஷம் விலை சொன்ன கதை

காலடிப்பேட்டை பவுனம்மாள் என்றால் டோல்கேட் முத்தம்மாவின் நாத்தனார், படகுக்காரர் பொன்னுரங்கத்துக்கு மூத்தாள் வழி மகள். முப்பது வருஷம் காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்தவள். தன் வாயால் முதலில் விலை சொன்னதே கிடையாது. பெண் பார்க்க வந்தவர்கள் வயதைக் கேட்டதற்கே, "நீங்க எவ்ளோன்னு நெனைக்கிறீங்கோ?" என்று திருப்பிக் கேட்டவள்.

நுரையீரல் கெட்டு வீட்டோடு கிடந்தவளுக்கு ஆஸ்பத்திரியில், தோளில் மாட்டிக்கொள்ளும் ஆக்சிஜன் மிஷின் ஒன்றைக் கொடுத்தார்கள். ஆறு மாதச் சோதனை. கொடுக்கிற விலைக்கு அது தகுமா என்று நம் நாட்டுச் சுகாதார அலுவலகமும் தாய்லாந்துச் சுகாதார அலுவலகமும் சேர்ந்து ஆராய்ந்தன. இரண்டு ஊருக்கும் ஒரே கேள்வித்தாள். தகும் என்றால் அரசாங்கமே கொடுக்கும். தகாது என்றால் மிஷின் திரும்பிப் போய்விடும். அதை மாட்டிக்கொண்டு மறுபடி ஏலத்துக்குப் போக ஆரம்பித்திருந்தாள் பவுனம்மாள்.

ஆறாம் மாதம், நம் அலுவலகத்தில் வேலை பார்க்கும் வண்ணாரப்பேட்டைப் பெண் ஃபிர்தௌஸ் கேள்வித்தாளோடு வந்தாள். கூடவே தாய்லாந்து அலுவலகத்து அம்மாள் ஒருத்தி.

"மிஷின் இல்லாம, மூச்சு வாங்கிகினே இன்னும் பத்து வருஷம் இருப்பீங்கன்னு வெச்சுக்கோங்கம்மா," என்றாள் ஃபிர்தௌஸ். "மூச்சு சுத்தமா நல்லாவணும்னா, அந்தப் பத்துல எத்தினி வருஷத்த வுட்டுக் குடுப்பீங்க?"

பவுனம்மாளின் கண் சுருங்கியது. "நீ எத்தினி கேக்குற? அத்த மொதல்ல சொல்லு."

"நான் சொல்லக் கூடாதும்மா."

"வாங்க வந்தவ வாயத் தொறக்க மாட்டாளாம்! ஒரு மாசம். இஷ்டமிருந்தா எட்த்துக்கோ."

ஃபிர்தௌஸ் மொழிபெயர்த்தாள். தாய்லாந்து அம்மாள் புருவத்தைத் தூக்கினாள். அவள் ஊரில் ஒரு மீன்காரி நாலு வருஷம் சொன்னாளாம்.

"நாலா? மார்க்கெட்டையே கெட்த்துட்டாளே பாவி! அவ நம்பர் ஒங்கிட்ட கீதா? பேசி ஒரே வெலையா வெச்சிக்கிறோம்."

"இது யாவாரம் இல்லம்மா. ஒரு மாசம்னா, மூச்சு வாங்கறது ஒங்களுக்குப் பெரிய கஷ்டம் இல்லேன்னு அர்த்தம்."

பவுனம்மாளின் கை மிஷினின் தோள்வாரை இறுக்கிப் பிடித்தது. "அப்ப ஒம்போது போட்டுக்கோ!"

"மிச்சம் ஒரு வருஷந்தாம்மா இருப்பீங்க. நெஜமாவா சொல்றீங்க?"

பவுனம்மாள் மிஷின் வருவதற்கு முந்தைய நாட்களை எண்ணிப் பார்த்தாள். மாடிப்படியில் நாலு இடத்தில் உட்கார்ந்து ஏறியதை நினைத்தாள். மருமகள் போட்ட சீரியலை நாள் முழுக்கப் பார்த்துக் கிடந்ததை நினைத்தாள். கூடை வஞ்சிரத்துக்கு எவ்வளவு தகும் என்று தெரியும். இதற்கு எவ்வளவு என்று தன்னையே அவள் கேட்டதில்லை.

"மூணு," என்றாள் மெதுவாக. "சாமி சத்தியமா மூணு."

தாய்லாந்து அம்மாள் தலையாட்டி எழுதிக்கொண்டாள். பேரமே இல்லை. பவுனம்மாளுக்கு அது பொறுக்கவில்லை. "மூணரைன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டியாம்மே?"

தை பிறந்ததும் ஃபிர்தௌஸ் சேதியோடு வந்தாள். இரண்டு நாட்டுக் கணக்கிலும் மிஷின் தகும் என்று வந்துவிட்டது. இனி அது பவுனம்மாளுக்கே.

"செரி, அந்த மூணு வருஷத்த எப்ப வந்து எட்த்துக்குவாங்கோ?"

"அது சும்மா கேள்விக்கும்மா. யாரும் எடுக்க மாட்டாங்க."

பவுனம்மாள் வாயைப் பிளந்தாள். "அடிப்பாவி! ஓசின்னு அன்னிக்கே சொல்லிருந்தா, நாலே குட்த்திருப்பேனே!"